'டமால்' மலையும் ஆட்டுக்கொம்பு சைக்கிள்களும்!

சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால், முக்கால் மணி நேரத்தில் ஃபேர்ஃபாக்ஸ் வந்துவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டிக்குள் இருக்கும் சிற்றூர். ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான் மக்கள்தொகை. கடைத்தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால், சனி, ஞாயிறு காலைகளில் அந்தத் தெரு சைக்கிள் சந்தை மாதிரி ஆகிவிடும். காபிக் கடை வாசலில் சைக்கிள், பேக்கரிச் சுவரோரம் சைக்கிள், மரத்தடியில் சைக்கிள்.

எல்லோரும் வருவது மலைக்காக. ஊருக்குத் தெற்கே 784 மீட்டர் உயரத்தில் நிற்கிற அந்த மலையின் பெயரை, எழுத்துக் கூட்டிப் படித்தால் 'டமால்பைஸ்' என்று வரும். உள்ளூர்க்காரர்கள் நாக்கைச் சிரமப்படுத்தாமல் 'மவுன்ட் டாம்' என்று சுருக்கிவிட்டார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் மொழியில் 'மேற்கு மலை' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். நாம் 'டமால்' என்று விழுவோமே, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால், அந்தச் சரிவுகளில் கடந்த அரை நூற்றாண்டில் சைக்கிளோடு உருண்டவர்களை நினைத்தால், சம்பந்தம் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

உலகம் முழுக்க 'மவுன்டன் பைக்' என்று விற்கிற சைக்கிள் பிறந்த இடங்களில் முதன்மையானது இந்த மலையும் இதன் அடிவாரமும்தான். அதனால் தெருவில் நிற்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை புத்தம் புதியவை. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், மோட்டார் பைக்குக்குச் சமமான டிஸ்க் பிரேக், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் விலை. ஆனால், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நடுவே வேறொரு ஜாதி தெரியும். முப்பது, நாற்பது வயதான இரும்பு ஃபிரேம். பெயின்ட் உரிந்திருக்கும். ஷாக் அப்சார்பர் கிடையாது. சக்கரம், டயர், மூன்று பல்சக்கரம் எல்லாம் பழைய மலைச் சைக்கிளுடையவை. தலையில் மட்டும், ரேஸ் சைக்கிளில் இருக்குமே, அந்த வளைந்த ஹேண்டில்பார்!

நம் ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இந்த வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிளில் குனிந்தபடி பறந்திருப்பார். அதைப் பார்த்து ஏங்கிய பையன்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி முன்னால் நீண்டு, கீழே வளைந்து, பின்னால் திரும்பும். தார்ச் சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கான அமைப்பு அது. அதைக் கல்லும் முள்ளும் கிடக்கும் மலைப்பாதையில் ஓடுகிற சைக்கிளில் மாட்டுவது, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்குவது போல் தோன்றும்.

மரின்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஏனென்றால், அந்தக் கொம்பு அங்கே புதிதாக வந்த விருந்தாளி அல்ல. ஆரம்பத்திலேயே வீட்டில் இருந்து, நடுவில் துரத்தப்பட்ட பிள்ளை.

புகை விட்ட பிரேக்

கதை 1970-களில் ஆரம்பிக்கிறது. அந்த வட்டாரத்துச் சாலைப் பந்தய இளைஞர்கள் சிலருக்குப் பழைய இரும்பு சைக்கிள்கள் மீது ஒரு பைத்தியம் பிடித்தது. 1930-களிலும் 40-களிலும் அமெரிக்கச் சிறுவர்கள் பேப்பர் போடப் பயன்படுத்திய ஷ்வின் சைக்கிள்கள் அவை. கனமோ கனம். பருத்த டயர், ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக். குப்பையிலும் பழைய சாமான் கடையிலும் கிடைத்ததை எடுத்து வந்து, வேண்டாததைக் கழற்றி எறிந்து, மலைமேல் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து இறங்கினார்கள். இதற்கு 'க்ளங்கர்' என்று பெயர். நம் பாஷையில் 'தகர டப்பா' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபேர்ஃபாக்ஸுக்கு மேற்கே, காஸ்கேட் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிற ஒரு மண்பாதை. சுமார் 3 கி.மீ. தூரத்துக்குள் 400 மீட்டர் இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று அதில் முதல் பந்தயம் நடந்தது. அன்று விழாமல் வந்து சேர்ந்தவர் ஆலன் பாண்ட்ஸ் ஒருவர்தான். பரிசும் அவருக்கே என்று சொல்வார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் உள்ளே இருக்கும் கிரீஸ் கொதித்துப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் சக்கரத்தின் குடத்தைப் பிரித்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைப்பது' என்ற பொருளில் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. பந்தயத்தை நடத்தி நேரம் குறித்தவர் சார்லி கெல்லி. 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கிய கேரி ஃபிஷரின் சாதனை அப்படியே நிற்கிறது.

அதே பந்தயங்களில் ஓடிய ஜோ பிரீஸ், பழைய ஃபிரேமையே நம்பி இருக்க முடியாது என்று 1977-ல் மலைக்கென்றே புது ஃபிரேம் செய்தார். அந்த முதல் 'பிரீஸர்' இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. 1979-ல் கெல்லியும் ஃபிஷரும், டாம் ரிச்சி செய்து கொடுத்த ஃபிரேம்களை வைத்து 'மவுன்டன் பைக்ஸ்' என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்டு, 750 டாலருக்குக் கடைக்கு வந்தது. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் சார்லி கன்னிங்ஹாம். அவரும் ஃபேர்ஃபாக்ஸ்காரர்தான். மற்றவர்கள் இரும்பை விட்டு நகராத காலத்தில், 1970-களின் கடைசியிலேயே அலுமினியத்தில் மலைச் சைக்கிள் செய்தார். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. எடை குறைய வேண்டும், வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் மோட்டார் சைக்கிள் மாதிரி அகலமான நேர் ஹேண்டில்பாரை மாட்டியபோது, கன்னிங்ஹாம் மாட்டியது ஆட்டுக்கொம்பு!

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. சாலைப் பந்தயக்காரர்கள் கொம்பைத் தாழ்வாக வைப்பார்கள். நேரம் கிடைக்கும்போதெல்லாம் மேல்பகுதியைப் பிடிப்பார்கள். காற்றை எதிர்க்க வேண்டியபோதுதான் கீழ்ப்பகுதிக்குக் கை போகும். கன்னிங்ஹாம் கொம்பையே உயரத் தூக்கிவிட்டார். கீழ்ப்பகுதி ஏறத்தாழ சீட்டின் மட்டத்துக்கு வந்துவிடும். மலைப்பாதையில் கை இருக்க வேண்டிய இடம் அந்தக் கீழ்ப்பகுதிதான். அங்கே பிடித்தால், கை கொம்பின் வளைவுக்குள் கொக்கி மாட்டியது போல் உட்கார்ந்துவிடும், குலுக்கலில் நழுவாது. இரண்டு விரலை நீட்டினாலே பிரேக்கும் முழு பலத்தோடு பிடிக்கும். மணிக்கட்டு கம்பியில் இடிக்காமல் இருக்க, கொம்பின் நுனிகளை வெளிப்பக்கமாக விரித்துவிட்டார். 1982-ல் அவர், ஸ்டீவ் பாட்ஸ், மார்க் ஸ்லேட் மூவரும் சேர்ந்து வில்டர்னஸ் டிரெயில் பைக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயரில் வந்த 'டர்ட் டிராப்' ஹேண்டில்பாரை, பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் இன்றும் வலைவீசித் தேடுகிறார்கள்.

இது ஏதோ ஒரு விசித்திர மனிதரின் விளையாட்டு என்று ஒதுக்க முடியாதபடி செய்தவர் ஜாக்கி ஃபீலன். கன்னிங்ஹாம் செய்த அலுமினிய சைக்கிளுக்கு 'ஓட்டோ' என்று செல்லப்பெயர் வைத்து, கொம்பைப் பிடித்தபடியே 1983, 84, 85 என்று மூன்று வருடம் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் பட்டத்தை வென்றவர். கன்னிங்ஹாமை மணந்தவரும் அவர்தான்.

கொம்பு முறிந்த வருடங்கள்

1987-ல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி, தன் உயர்ரக எம்.பி-1 மலைச் சைக்கிளைக் கொம்போடு விற்றது. 1989-ல் ஸ்பெஷலைஸ்டு 'ராக் காம்போ' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. 1990-ல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ மலைச் சைக்கிள் உலகப் போட்டி நடந்தபோது, பந்தய நட்சத்திரம் ஜான் டோமக் வந்தது கொம்பு வைத்த சைக்கிளில். அந்த வருடம் அவர் சாலைப் பந்தய அணியிலும் இருந்தார். இரண்டு சைக்கிளிலும் உடம்பு ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்பது காரணம். அன்று ஜெயித்தவர் நெட் ஓவரெண்ட்; ஆனால், சைக்கிள் பிரியர்களின் சுவரில் போஸ்டராகத் தொங்கியது டோமக்கின் படம்.

அடுத்த வருடம் இத்தாலியில் டோமக் உலக சாம்பியன் ஆனபோது அவர் கையில் இருந்தது நேர் ஹேண்டில்பார். கொம்பின் காலம் முடிந்திருந்தது. முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் வந்தது. இறக்கங்கள் செங்குத்தாயின. அகலமான நேர்க் கம்பியில் சக்கரத்தைத் திருப்புவது சுலபம். கியர், பிரேக் எல்லாமே அதற்கென்றே தயாரிக்கப்பட்டன. இதில் சதி எதுவும் இல்லை. பெரும்பாலான ஓட்டிகளுக்கு நேர்க் கம்பிதான் சரி. முரட்டுப் பாறைச் சரிவில் இறங்க விரும்புகிறவருக்கு இன்றைக்கும் அதுதான் சரி.

எண்பதுகளின் அந்த இரும்பு சைக்கிள்கள் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. மரினிலும், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெர்க்லி, ஓக்லாந்திலும், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் நாட்களில் ஒட்டடையோடு அவை வெளியே வரும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சிறுவயதில் அதை வாங்கக் காசில்லாமல் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் ஒரு வகை. 'கிராவல் பைக்' விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்கள் இன்னொரு வகை.

கிராவல் பைக் என்பது சமீப வருடங்களில் சைக்கிள் கம்பெனிகள் கொண்டாடுகிற புது அவதாரம். ஜல்லிச் சாலையிலும் மண்பாதையிலும் நாள் முழுக்க ஓட்டுவதற்கு. பருத்த டயர், நுனி விரிந்த கொம்பு, பை கட்ட வசதி. விளம்பரத்தைப் படித்துவிட்டு, 1980-களின் மலைச் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குப் பொறி தட்டியது. நீளமான, நிதானமான ஃபிரேம் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரமும் பருத்த டயருக்கு இடமும் இருக்கின்றன. கேரியர், மட்கார்டு மாட்டத் துளைகள்கூட இருக்கின்றன. இல்லாதது கொம்பு மட்டும்தானே!

கழுத்தில் இருக்கிறது சூட்சுமம்

'மட்டும்தானே' என்று ஆரம்பிக்கிறவர்கள் முதல் சனிக்கிழமையே மாட்டிக்கொள்வார்கள். மலைச் சைக்கிளும் ரேஸ் சைக்கிளும் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும், ஒருவர் சட்டை மற்றவருக்குச் சேராது. அந்தக் காலத்து மலைச் சைக்கிளின் ஹேண்டில்பார், பிடிப்பில் உட்காரும் இடத்தில் 25.4 மில்லிமீட்டர். அதே காலத்து ரேஸ் ஹேண்டில்பார் பெரும்பாலும் 26. கண்ணுக்குத் தெரியாத அந்த அரை மில்லிமீட்டர்ச் சொச்சத்தை ஸ்பேனரால் ஜெயிக்கப் பார்த்து, பிடிப்பை விரிசல் விட வைத்தவர்கள் உண்டு. கை பிடிக்கும் இடத்திலும் தகராறு: அதில் 22.2, இதில் 23.8. ஆகவே பழைய பிரேக் லீவரும் கியர் லீவரும் புதுக் கொம்பில் ஏறாது.

அடுத்தது நீளம். நேர்க் கம்பியில் கை, கம்பி இருக்கும் இடத்திலேயே இருக்கும். கொம்பில் பிரேக் லீவரின் தலையைப் பிடித்தால், கை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். மலைச் சைக்கிளின் ஃபிரேம் ஏற்கெனவே நீளம். அதோடு இதுவும் சேர்ந்தால், ஓட்டுகிறவர் உரலில் மாவு அள்ளக் குனிந்தவர் மாதிரி ஆகிவிடுவார். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும், ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப் போகும். இப்படிச் செய்து, இரண்டே முறை ஓட்டிவிட்டு மறுபடி கொட்டகைக்குத் தள்ளப்பட்ட சைக்கிள்கள்தான் அதிகம்.

பரிகாரம் இரண்டு. ஒன்று, வழக்கமாக ஓட்டும் அளவைவிட ஓர் அளவு சின்ன ஃபிரேமாகத் தேர்ந்தெடுப்பது. இன்னொன்று, ஹேண்டில்பாரைத் தாங்குகிற கழுத்தை, அதாவது 'ஸ்டெம்'மை மாற்றுவது. முன்னால் குறைவாக நீள வேண்டும், மேலே நன்றாக உயர வேண்டும். ஜப்பானின் நிட்டோ கம்பெனி இதற்கென்றே செய்த கழுத்துக்குப் பெயரே 'டர்ட் டிராப்'தான். பார்க்க ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருக்கும். இந்த இடத்தில்தான் அழகுணர்ச்சி அதிகம் உள்ளவர்கள் கோட்டை விடுகிறார்கள். படத்தில் சைக்கிள் சீறுகிற மாதிரி தெரிய வேண்டும் என்று கொம்பைத் தாழ்த்திவிடுவார்கள். கன்னிங்ஹாம் சொல்லாமல் சொன்ன பாடம் உயரம். அது இல்லாமல் கொம்பு மாட்டுவதைவிட, நேர்க் கம்பியோடு சும்மா இருப்பது மேல்.

பழைய கழுத்தைக் கழற்றுவது தனி ராமாயணம். முப்பது வருடம் மழையிலும் கடற்காற்றிலும் கிடந்த அலுமினியக் கழுத்து, இரும்புக் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு அசையாது. சீட் கம்பியும் அப்படித்தான். துருவுக்கான எண்ணெயை விட்டு, ஒரு நாள் காத்திருந்து, தட்டி, மறுபடி விட்டு, மறுபடி காத்திருந்து... அவசரப்பட்டு முறுக்கினால் ஃபிரேமே போய்விடும். இந்த வேலையின் பாதி, காத்திருப்பதுதான்.

கியரில் பிரச்னை சுலபமாகத் தீரும். 'க்ளிக், க்ளிக்' என்று எண்ணி நகர்கிற லீவர்களை மறந்துவிட்டு, பழைய பாணியில் வழுவழுவென்று நகரும் லீவரைக் கொம்பின் இரண்டு நுனியிலும் செருகிவிட்டால் போதும். எந்தக் கம்பெனி, எத்தனை பல் என்ற பேதமே இல்லாமல் வேலை செய்யும். சரியான இடத்தை விரலும் காதும் சேர்ந்து கண்டுபிடித்துக்கொள்ளும். ஹார்மோனியம் வாசிக்கிறவருக்குக் கட்டையைத் தேட வேண்டியதில்லையே, அது மாதிரி.

பிரேக்கில் மட்டும் விளையாட்டு கூடாது. எண்பதுகளின் மலைச் சைக்கிளில் இருப்பது 'கேன்டிலீவர்' பிரேக். இரண்டு கைகளையும் ஒரு குறுக்குக் கம்பி இணைத்திருக்கும். நடுவில் ஒரு கேபிள் அதை மேலே இழுக்கும். ரேஸ் சைக்கிள் லீவர் இழுக்கிற கொஞ்ச தூரமே அதற்குப் போதும். இரண்டும் நன்றாக ஒத்துப்போகும். ஆனால், 1996 வாக்கில் ஷிமானோ 'வி-பிரேக்' கொண்டு வந்தது. நெட்டையான கைகள், அதிகமாக இழுக்க வேண்டிய கேபிள். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சைக்கிளை வாங்கி, அதில் சாதாரண ரேஸ் லீவரை மாட்டினால், லீவர் கம்பியைத் தொட்டுவிடும், சக்கரம் நிற்காது. வீட்டு வாசலில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியாமலும் போகலாம். மலை இறக்கத்தில், முதல் வளைவில் தெரியும். தெரிகிற இடம் அதுவாக இருக்கக் கூடாது! வி-பிரேக்குக்கு அதிகமாக இழுக்கிற தனி ரக லீவரை வாங்க வேண்டும், அல்லது இடையில் சிறு கப்பி மாட்ட வேண்டும். பழைய ஃபிரேம் என்றால், பெடல் அச்சுக்குப் பின்னால் செல்லும் குழாய்களிலும் சீட்டுக்குக் கீழேயும் வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அங்கே டாலர்.

வேகத்துக்குத் தடை, கொம்புக்கு வழி

இவ்வளவு மெனக்கெட்டு மாற்றுவது எதற்கு? மலைக்குப் போனால் புரியும்.

ஃபேர்ஃபாக்ஸிலிருந்து மேற்கே போலினாஸ் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. முதலில் வீடுகள், பிறகு ஓக் மரங்கள், அப்புறம் திடீரென்று வெட்டவெளி. அசேலியா குன்றின் உச்சியில் தார்ச் சாலையை விட்டு இறங்கினால், பைன் மலைக்குப் போகும் மண்பாதை. பச்சை கலந்த சர்ப்பென்டைன் பாறைகள் பெயர்ந்து கிடக்கும். மழை குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும் மன்சனீட்டா புதர்களின் சிவந்த, வழுவழுப்பான கிளைகள் இரு பக்கமும். இந்த வழியாகச் சுற்றிப் போனால் கடைசியில் அந்தப் பழைய 'ரீபேக்' பாதையிலேயே ஊருக்கு இறங்கலாம்.

ஆக, கொஞ்சம் தார், கொஞ்சம் மண், நீண்ட ஏற்றம், எதிர்க்காற்று. தார்ச் சாலையில் முழு ஷாக் அப்சார்பர் சைக்கிள் சேற்றில் நடக்கிற எருமை. பாறையில் மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் பல்லை உதிர்த்துவிடும். கொம்பு வைத்த பழைய மலைச் சைக்கிளுக்கு இரண்டும் பரவாயில்லை. ஏறும்போது மேல்பகுதியைப் பிடித்து நிமிர்ந்து மூச்சு விடலாம். சமதளத்தில் லீவரின் தலைக்கு மாறலாம். காற்றிலும் இறக்கத்திலும் கீழே போய்விடலாம். மூன்று இடத்துக்குக் கையை மாற்றிக்கொள்ள முடிவதன் அருமை, நான்காவது மணி நேரத்தில்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது மரினுக்கே உரிய முரண். மலைச் சைக்கிளைப் பெற்றெடுத்த மண்ணே, அதற்குத் தன் வீட்டின் உள்ளறைகளைப் பூட்டியும் வைத்தது. 1980-களில் சைக்கிள்காரர்கள் பெருகியதும், நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் மிரண்டார்கள். மண் அரிக்கிறது, வளைவில் இடிக்க வருகிறார்கள் என்று புகார்கள். குடிநீர் வாரியத்துக்குச் சொந்தமான நிலங்களிலும் மாநிலப் பூங்காவிலும் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் சைக்கிளுக்கு மூடப்பட்டன. தீயணைப்பு வண்டி போவதற்காக வெட்டிய அகலமான மண்சாலைகள் மட்டும் மிஞ்சின. அதிலும் மணிக்கு 15 மைல், நம் கணக்கில் 24 கி.மீ.தான் வேகம். எதிரே வருவது தெரியாத வளைவிலும், ஆட்களைக் கடக்கும்போதும் 5 மைல். ரேஞ்சர்கள் வேகம் அளக்கும் கருவியோடு நின்று அபராதம் போட்டதும் உண்டு. சில பாதைகளைத் திறந்துவிடும் முயற்சியும், அதற்கு எதிர்ப்பும் இன்றுவரை ஓயவில்லை.

நடந்து போகிற மூதாட்டியின் பயமும் நியாயமானதுதான்; ஓட்டுகிறவர்களின் ஆதங்கமும் நியாயமானதுதான். ஆனால், அகலமான மண்சாலையில் 24 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டுவதற்கு, பாறை மேல் பறப்பதற்காகச் செய்த ராட்சசச் சைக்கிள் எதற்கு? அதில் அந்த வேகம் தூக்கம் வரவழைக்கும். ஷாக் அப்சார்பர் இல்லாத இரும்பு ஃபிரேமிலும் கொம்பிலும் அதே 24 கி.மீ. விறுவிறுப்பாக இருக்கும், ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். சட்டம் அனுமதித்த மலைக்கும் இந்தப் பழைய சைக்கிளுக்கும் பத்துப் பொருத்தமும் பொருந்திவிட்டது.

எல்லோருக்கும் இதில் சம்மதம் என்று சொல்ல முடியாது. பழைய சைக்கிளின் ஒவ்வோர் ஆணியும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். கொம்பு மாட்டியதைப் பார்த்தால் கோயில் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்ததைப் பார்த்த மாதிரி துடிப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆரம்பகால பிரீஸரோ, ரிச்சியோ, முதல் வருட ஸ்டம்ப்ஜம்பரோ கிடைத்தால் அதில் கை வைப்பது பாவம். அவை எண்ணி எடுக்கக்கூடியவை. பிரீஸரின் முதல் வரிசையில் செய்யப்பட்டவையே பத்துதான். ஆனால், எண்பதுகளின் நடுவில் தொழிற்சாலைகளிலிருந்து குவியல் குவியலாக வந்த சாதாரண சைக்கிள்கள் கொட்டகையில் துருப்பிடிப்பதால் யாருக்கு லாபம்? மாற்றுகிறவர்களில் விவரமானவர்கள் எதையும் அறுப்பதில்லை, பற்ற வைப்பதில்லை. கழற்றிய நேர்க் கம்பி, லீவர், கழுத்து எல்லாவற்றையும் பெயர் எழுதிய பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிடுகிறார்கள். அடுத்து வாங்குகிறவருக்கு அந்தப் பெட்டியும் போகும். இதைவிட நேர்மையான ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே பந்தய உலகமும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. கொலராடோவில் மலைச் சைக்கிள்களுக்கான புகழ்பெற்ற லெட்வில் 100 மைல் பந்தயத்தை 2024-ல் கீகன் ஸ்வென்சன் சாதனை நேரத்தில் வென்றார். அவர் சைக்கிளில் இருந்தது ஆட்டுக்கொம்பு!

ஃபேர்ஃபாக்ஸுக்குப் போகிறவர்கள், மலை ஏறுவதற்கு முன் கடைத்தெருப் பக்கமே இருக்கும் மரின் சைக்கிள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடலாம். 2015-ல் திறந்தது. மலைச் சைக்கிள் மேதைகளுக்கான கௌரவ மண்டபமும் இதற்குள்தான். பெரிய முன்சக்கரம் வைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு சைக்கிளிலிருந்து ரீபேக் காலத்துத் தகர டப்பா வரை இருக்கின்றன. இதன் பொறுப்பாளர் வேறு யாருமல்ல, அந்த ஜோ பிரீஸ்தான்.

பைன் மலை முரடாகத் தோன்றினால், மில் வேலி பக்கமிருந்து 'ஓல்டு ரயில்ரோடு கிரேடு' பாதையில் ஏறலாம். 1896 முதல் 1930 வரை அங்கே ரயில் ஓடியது. சுமார் 13 கி.மீ.க்குள் 281 வளைவுகள். உலகத்திலேயே கோணலான ரயில் பாதை என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். இறங்குவதற்கு இன்ஜின் இல்லாத பெட்டிகளும் விட்டார்கள். மலைச்சரிவும் ஒரு பிரேக்கும்தான் துணை. ரீபேக் பையன்களுக்கு முன்பே அந்த மலையில் சும்மா உருண்டு இறங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள்! ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் ஒரே சீராக இருக்கும். வழியில் 1904-ல் கட்டிய வெஸ்ட் பாயின்ட் விடுதி இன்னும் நிற்கிறது. மூச்சு வாங்கிக்கொள்ளத் தோதான இடம். காலையில் பசிபிக் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வரும், ஸ்வெட்டர் வேண்டும். மதியம் அதைக் கழற்றிப் பையில் போட வேண்டியிருக்கும். பாதையோரம் மூன்று மூன்று இலையாக இருக்கும் 'பாய்சன் ஓக்' செடியைத் தொட்டால், ஒரு வாரம் சொறிந்துகொண்டே இருக்க வேண்டும்.

மறக்காமல் மாட்ட வேண்டியது மணி. கொம்பின் தடிமனுக்கு சாதாரண சைக்கிள் மணியின் வளையம் சேராது. அதனால் பலர் அதை அந்த ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். ரயில்ரோடு கிரேடில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் 'ட்ரிங், ட்ரிங்' என்று கேட்கும். எதிரே குதிரைக்காரர் வந்தால், ஓரமாக நிறுத்தி வழிவிட வேண்டியவர் சைக்கிள்காரர்தான்.